பால்டோவின் பன்னிரண்டு காகிதங்கள்

வாசல் சுவரில் பால்டோவின் முகம் இருந்த இடத்தில், நாலு மூலைக்கு நாலு டேப் துண்டுகள் மட்டும் மிச்சமிருந்தன.

டெஷா கையிலிருந்த வாளியைப் படியில் வைத்துவிட்டு நின்றாள். வாளியில் இருந்த வெந்நீரும் சோப்பும் பால்டோவுக்காகக் கொண்டுவந்தவை அல்ல. இரவு எவனோ பதினோராம் படியில் உட்கார்ந்து குடலைக் கக்கிவிட்டுப் போயிருந்தான். சிவப்பு ஒயினும் இறாலுமாகக் கல்லின் இடுக்கெல்லாம் இறங்கிக் காய்ந்திருந்தது. சந்துப் பூனைகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயிருந்தன. பத்து வருடமாக அவள் இதைக் கழுவுகிறாள். முதல் வருடம் குமட்டியது, அப்புறம் பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்வாள். உண்மையில் பழகவில்லை. காலையில் ஜன்னலைத் திறக்கும்போதே மூக்கு தானாகச் சுருங்கும். வாடை இல்லாத நாளிலும் சுருங்கும்.

ஆனால் இன்றைக்கு அவளை நிறுத்தியது வாந்தியல்ல, அந்த நாலு டேப் துண்டுகள். நேற்று மத்தியானம் அவளே ஒட்டிய காகிதம் அது. சுற்றிலும் கறுப்புக் கட்டம், மேலே சிலுவை, நடுவில் பால்டோவின் படம். கீழே பெயர், வயது எழுபத்தொன்பது, புதன்கிழமை மாலை நாலு மணிக்குப் போனினோவோ கல்லறையில் அடக்கம் என்ற விவரம். காற்று கிழித்திருந்தால் மூலைகள் இப்படிச் சீராக நிற்காது. யாரோ நடுவில் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார்கள்.

வாளியை அங்கேயே விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பார்க்கப் போனாள். சந்து பெரிய வீதியில் போய்ச் சேருகிற முனையில் ஒட்டியது இல்லை. மடத்துச் சுவரில் இல்லை. சந்தை மைதானத்து மூலையில், மருந்துக்கடைக்குப் பக்கத்தில், கோட்டையின் பீலே வாசலுக்கு உள்ளே பெரிய நீரூற்றுக்கு எதிரே, எங்கேயும் இல்லை. ஆறு ஒட்டினாள், ஆறும் போயிருந்தது. நீரூற்றின் குழாயில் ஒருவன் வெறும் நீச்சல் ஜட்டியோடு நின்று கால் கழுவிக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால்தான் பால்டோ இருந்திருக்க வேண்டும்.

இந்த நகரத்தில் யாராவது செத்தால் மறுநாள் சுவர் சொல்லும். தந்தி, தொலைபேசி, செய்தித்தாள் எல்லாம் வந்தும் அது மாறவில்லை. ரொட்டி வாங்கப் போகிறவள் சுவரைப் பார்ப்பாள், சிலுவை போட்டுக்கொள்வாள், எத்தனை மணிக்கு என்று படித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கறுப்புச் செருப்பைத் தேடுவாள். தொண்ணூற்றொன்றில் நகரத்தைச் சுற்றி வளைத்துக் குண்டு போட்டார்களே, அந்த டிசம்பரில்கூட அச்சகமும் மின்சாரமும் இல்லாமல் பள்ளிக்கூட நோட்டைக் கிழித்து, கையால் கட்டம் போட்டு எழுதி ஒட்டினார்கள். அப்போது ஒருத்தரும் அதைக் கிழிக்கவில்லை. கிழிக்க வேண்டும் என்று தோன்றுகிற அளவுக்கு அப்போது யாரும் நன்றாக இருக்கவில்லை என்றும் சொல்லலாம்.

பால்டோ துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துக்கொண்டு வருகிற இழுவைப் படகில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. டெஷாவின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். தினமும் காலையில் படியிறங்கும்போது அவள் கதவைத் தட்டி, "பேப்பர் படிக்கப் போறேன், ஏதாவது வேணுமா?" என்பார். பேப்பர் என்பது சுவர். ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவள் சமையலறையில் காபியோடு உட்கார்ந்து சேதி சொல்வார். "இன்னிக்கு ரெண்டு பேரு. ஒண்ணு நடந்தே போயிடலாம். இன்னொண்ணுக்கு பஸ் புடிக்கணும்." தெரிந்தவரா தெரியாதவரா என்றெல்லாம் பார்க்கமாட்டார். கால்சட்டைப் பையில் மடித்த கறுப்பு டை எப்போதும் இருக்கும். ஊரில் பாதிப் பேரைக் குழிவரை கொண்டுபோய் விட்டவர் அவர் என்று கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். ஒரே ஒரு பயம்தான் அவருக்கு. தன்னைக் குழியில் இறக்கும்போது சுற்றிலும் ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று.

"சந்துல எத்தன குடும்பம் இருந்துச்சு டெஷா? பத்தொம்போது. இப்ப நீயும் நானும். நான் போனா உனக்குக்கூட அன்னிக்கு வேல இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் சர்க்கரை டப்பாவைத் தேடுவாள்.

போன வருடம் ஒருநாள் உறையில் போட்டு ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பது வயதுப் பால்டோ. அடர்ந்த மீசை, படகின் கைப்பிடியில் ஒரு கை. "இதப் போடு. இப்ப இருக்கற மூஞ்சியப் போட்டா எவனுக்கும் அடையாளம் தெரியாது. அந்தக் காலத்து ஆளுங்க இந்த மீசையப் பாத்துத்தான் வருவாங்க. நீயே ஒட்டணும், வேற யார்கிட்டயும் குடுக்காத," என்றார். எதற்கு என்னிடம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்படவில்லை. சாவி அவளிடம் இருந்தது. அவர் படுக்கையில், ஒரு காலுறை மாட்டி இன்னொன்றைக் கையில் பிடித்தபடி கிடந்தார். நாலு ஆட்கள் எழுபத்திரண்டு படி இறக்கிக் கொண்டுபோனார்கள். ஏறி வந்துகொண்டிருந்த ஒரு சுற்றுலாக் கும்பல் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டது. அதில் ஒருத்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள், இன்னொரு கையால் படம் பிடித்தாள். சிலி நாட்டில் இருக்கும் பால்டோவின் தம்பி தொலைபேசியில் அழுதான், விமானம் ஏறுகிற உடம்பில்லை என்றான், எல்லாம் நீயே பார்த்துக்கொள் என்றான். இறுதிச் சடங்கு நிலையத்தில் காகிதம் பன்னிரண்டு அடித்துக் கொடுத்தார்கள். மீசை நன்றாக விழுந்திருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை, இந்த முறை அவள் டேப்பை நம்பவில்லை. கோதுமை மாவில் பசை காய்ச்சினாள், அந்தக் காலத்தில் காய்ச்சியதுபோலக் கெட்டியாக. துணி வெளுக்கிற தூரிகையை எடுத்துக்கொண்டு போய், பதினொரு மணிக்குள் ஐந்து இடத்தில் ஒட்டினாள். கல்லோடு கல்லாகப் பிடித்துக்கொண்டது. இனி கிழிக்க வேண்டுமானால் சுரண்டத்தான் வேண்டும். கடைசி ஒன்றை வீட்டில் மேஜைமேல் வைத்தாள்.

யார் என்று தெரிந்தாக வேண்டும். சந்து முனை உணவகத்து முதலாளிமேல்தான் அவளுக்குச் சந்தேகம். அவன் ஒரு முழம் ஒரு முழமாக மேஜை போட்டு வழியை விழுங்கியவன், சுவரையும் விழுங்குவான். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, துணி மடிக்கிற சாக்கில் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணி என்றால் படுக்கை விரிப்புகள். மகன் லுக்ஷா சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற நாலு வீட்டின் விரிப்புகளும் அவள் தலையில்தான். கூட்டிப் பெருக்கி, துவைத்து, சந்தின் குறுக்கே கொடி கட்டிக் காயப்போடுவாள். கீழே குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிகாட்டிப் பெண் ஒருத்தி கும்பலோடு வந்து நின்றாள். குண்டுச் சில்லு பட்டுப் பெயர்ந்த கல்லைக் காட்டினாள். ஆளாளுக்கு அந்தக் குழியில் விரலை விட்டுப் பார்த்தார்கள். பிறகு மேலே கொடியைக் காட்டி, இங்கே இன்னமும் உண்மையான உள்ளூர் வாழ்க்கை நடக்கிறது என்று சொன்னாள். இருபது கைப்பேசிகள் உயர்ந்தன. யாரோ ஒரு ஜோடி நேற்றிரவு புரண்டு எழுந்த விரிப்பு அது, மஞ்சளாகப் படிந்த கறையை இரண்டு தடவை சோடா போட்டுக் கசக்கியும் முழுசாகப் போகவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள், இதுதான் எங்கள் வாழ்க்கை, என்று டெஷா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கும்பலில் ஒருவன் அவளைப் பார்த்துக் கை அசைத்தான். அவளும் பழக்க தோஷத்தில் அசைத்துவிட்டாள். அசைத்த கையைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு ஆள் வந்தது. ஒரு கையில் நீர் நிறைந்த பிளாஸ்டிக் புட்டி, இன்னொரு கையில் ஓடு ஒட்டுகிறவர்கள் வைத்திருக்கிற தட்டைக் கரண்டி. வாசல் சுவருக்கு முன்னால் நின்று காகிதத்தின்மேல் தண்ணீரை ஊற்றி, ஊற விட்டு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டது. டெஷா எழுந்து படியிறங்கினாள். இறங்குகிற ஒவ்வொரு படிக்கும், அது அவனாக இருக்காது என்று நினைக்கத் தனியாக ஒரு முயற்சி தேவைப்பட்டது.

"என்னடா பண்ற?"

லுக்ஷா திடுக்கிட்டுத் திரும்பினான். முப்பத்தாறு வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, விருந்தாளிகள் வருகிற நாளில் போடுகிற சட்டை. "அம்மா, வீட்லயா இருந்த? சந்தைக்குப் போயிருப்பேன்னு நெனச்சேன்."

"என்ன பண்றன்னு கேட்டேன்."

"மூணு மணிக்கு ஆளுங்க வராங்கம்மா. ரெண்டு சின்னக் கொழந்தைங்க. வாசல்லயே செத்தவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டா உள்ள நுழைவாங்க?"

"செத்தவன் இல்லடா. பால்டோ மாமா. உன்னத் தோள்ல தூக்கிட்டுப் போயி நீச்சல் கத்துக்குடுத்த ஆளு."

"எனக்குத் தெரியாதா? நேத்து நான் அழல? பெரிய மாலையா சொல்லிவச்சிருக்கேன். நாளைக்கு நாலு மணிக்கு மொத ஆளா வந்து நிப்பேன். அதுக்காக ஊரு பூரா ஒட்டணுமா? போன வருஷம் ஒருத்தி எழுதினாளே, மறந்துட்டியா? 'இடம் அழகு, படுக்கை சுத்தம், ஆனால் பக்கத்துச் சந்தில் சாவு அறிவிப்புகள், மனசு கெட்டுவிட்டது'ன்னு. நட்சத்திரத்துல ஒண்ண கொறச்சிட்டா."

அவன் அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில் தொடர்ந்தான். சின்ன வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டு வந்தால் இந்தக் குரலில்தான் பேசுவான்.

"நான் மட்டும் இல்லம்மா. நம்ம ஆளுங்க குரூப்பு ஒண்ணு இருக்கு, வீடு வாடகைக்கு விடறவங்க, சாப்பாட்டுக் கடைக்காரங்க எல்லாரும். யாரு கண்ணுல பட்டாலும் எடுத்துடறது. யாரையும் கொற சொல்லல, மரியாதையா எடுத்துடறது." நம்பமாட்டாளோ என்று கைப்பேசியை எடுத்துக் காட்டினான். மருந்துக்கடைச் சுவரில் பால்டோவின் மீசை. கீழே ஒருவர், "ஒண்ணு இங்க." இன்னொருவர், "எடுத்தாச்சு." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், ஒரு கைகூப்பல், யாரோ போட்ட ஒரு அழுகிற மஞ்சள் முகம். அந்த மஞ்சள் முகத்தைப் பார்த்ததும் அவள் கைப்பேசியைத் தள்ளிவிட்டாள். காலையில் கழுவிய வாந்தி எவ்வளவோ தேவலை, அதைக் கக்கியவன் குடித்திருந்தான்.

"தூ! உனக்கு அசிங்கமா இல்ல? சோறு திங்கற வாயாடா அது? அந்த ஆளு ஊர்ல ஒரு சாவு விடாம போனவரு. அவருக்கு நாலு பேரு வரக்கூடாதா? எத்தன மணின்னு எவனுக்குத் தெரியும்?"

லுக்ஷாவின் முகம் சிவந்தது. அவன் கெட்டவன் இல்லை. கோபம் வந்தாலும் குரலை உயர்த்தமாட்டான், பக்கத்து வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள் என்ற நினைப்பு எப்போதும் உண்டு. தாழ்ந்த குரலிலேயே சொன்னான்.

"எனக்கு அசிங்கமா இல்லையான்னு கேக்கறியா? ஆனித்ஸாவோடத யாரும்மா கிழிச்சது? நான் சொன்னனா? ஒரு வார்த்த சொல்லல. நீயே கிழிச்ச. நாலா மடிச்சுக் குப்பையில போட்டுட்டு வந்து கையக் கழுவின. அதப் பாத்ததும்தான் எனக்கே இது தோணுச்சு. குரூப்புல நான்தான் மொத மொதல்ல சொன்னேன், எங்கம்மா இப்பிடிப் பண்ணினாங்கன்னு. எல்லாரும் நல்ல யோசனைன்னாங்க."

சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருந்தியவன்போல ஒரு கணம் நின்றான். பிறகு கரண்டியைக் காகிதத்துக்கு அடியில் கொடுத்தான். பசை நல்ல பசை. சிலுவை ஒரு பக்கமாகவும் மீசை இன்னொரு பக்கமாகவும் வந்தது. கடைசித் துணுக்கையும் சுரண்டி எடுத்துப் புட்டித் தண்ணீரால் கல்லை அலம்பிவிட்டு, வருகிற பிள்ளைகளுக்காக வாங்கிவைத்த சர்க்கரைப்பாகு ஆரஞ்சுத் தோலைத் தட்டில் அடுக்க உள்ளே போனான்.

டெஷா படியில் உட்கார்ந்தாள். மூன்றாம் வீட்டு ஆனித்ஸா போனது போன வருடம் அக்டோபரில். தெற்குக் காற்று ஈரத்தோடு நாலு நாள் அடித்துக்கொண்டிருந்தது. அன்று புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வருகிறது, மூன்று வீடு சுத்தம் செய்தாக வேண்டும். வாசலில் ஆனித்ஸாவின் முகம். ஓட்டல் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் நீராவியில் வெந்த முகம், படத்திலும் வியர்த்ததுபோலவே இருந்தது. இன்னும் ஒரு நாள்தானே, ஊரே பார்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நடுவில் பிடித்து ஒரே இழுப்பு. பிறகு சந்து முனையில் இருந்ததையும் எடுத்தாள், ஒட்டியிருந்ததே இரண்டுதான். ஒன்றை எடுத்த பிறகு இரண்டாவது எவ்வளவு சுலபம் என்பது அவளுக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அடக்கத்துக்கும் போகவில்லை. அந்த ஜோடி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது.

மறுநாள் பால்டோ நனைந்த கோட்டோடு அவள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். "மூணு பேரு டெஷா. நானு, சர்ச் சாமியாரு, குழி வெட்டினவன்." மழையில் காகிதம் கரைந்துபோயிருக்கும் என்று அவள் சொன்னாள். அவர் காபியை ஊதி ஊதிக் குடித்தார். "ஆமா, நல்ல மழ. நாலு மூலைய மட்டும் விட்டுட்டு நடுவுல கரைச்சிருக்கு," என்றார். அதற்கு அடுத்த மாதம்தான் மீசைப் படத்தைக் கொண்டுவந்து, நீயே ஒட்டணும் என்று கொடுத்தார்.

அதோடும் முடியவில்லை. அடக்கம் முடிந்து நாலாம் நாள் நீகே வந்தாள். சந்தையில் அத்திப்பழமும் லாவெண்டர்ப் பூப்பொட்டலமும் விற்கிறவள், அதற்கு முன் ஆனித்ஸாவோடு அதே சலவைக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் வேலை பார்த்தவள். ஒரு பை அத்திப்பழத்தோடு வலிக்கிற முழங்காலை இழுத்துக்கொண்டு ஏறி வந்து ஆனித்ஸாவின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். டெஷாதான் போய்ச் சொன்னாள். நீகே பையை மடியில் வைத்துக்கொண்டு இதே படியில் உட்கார்ந்துவிட்டாள். "தினமும் சுவத்தப் பாத்துக்கிட்டுத்தானே வரேன், எப்பிடி உட்டேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மழையில கரைஞ்சு போச்சு நீகே, என்று டெஷா அவள் தோளைத் தடவினாள். தடவிய கை இந்தக் கைதான்.

அருவருப்பு என்பது இவ்வளவு நாளும் அவளுக்கு வெளியிலிருந்து வருகிற ஒன்றாக இருந்தது. படியில், விரிப்பில், சந்து மூலையின் மூத்திரத்தில் இருந்தது. சோப்புப் போட்டால் போகிற இடங்களில் இருந்தது. இப்போது அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ந்த மாவுப் பசை விரலிடுக்கில் வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை காலை க்ரூஷ் துறைமுகத்தில் மூன்று சுற்றுலாக் கப்பல். ஒன்பது மணிக்கே பேருந்துகள் பீலே வாசலில் ஆட்களைக் கொட்ட ஆரம்பித்தன. டெஷா கறுப்புப் பாவாடையும் கறுப்பு மேல்சட்டையும் போட்டுக்கொண்டு, வாசலுக்கு உள்ளே, பெரிய நீரூற்றுக்கு எதிரே சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். பன்னிரண்டாவது காகிதத்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஒட்டினால் எடுத்துவிடுவார்கள். கையிலிருந்து யார் எடுப்பார்கள் பார்க்கலாம். நகரத்துக்குள் இன்னமும் குடியிருக்கிறவர்களும், வேலைக்கு வருகிறவர்களும், சந்தைக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் போவார்கள்.

முதல் அரை மணியில் மருந்துக்கடைப் பெண் நின்று படித்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஐயோ, பால்டோவா? எனக்கு யாருமே சொல்லலியே." பழைய தபால்காரர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மீசையைப் பார்த்தார். "இந்தத் திருட்டுப்பய மீசைய எங்க பாத்தாலும் சொல்லிடுவேன். எங்க அப்பா சவப்பெட்டியத் தூக்கினவன். நாலு மணிக்குத்தானே?" என்றார். அவர் குரல் உடைந்தது. டெஷாவுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. படத்தைத் தேர்ந்தெடுத்தது பால்டோவின் புத்தி.

மற்ற எல்லாரும் கப்பலில் வந்த சுற்றுலாக்காரர்கள். வாசல் வளைவுக்குள் நுழைந்ததும் அவர்கள் கண்ணில் படுகிற முதல் மனுஷி அவள். கறுப்பு உடை, சுருங்கிய முகம், கையில் சிலுவை போட்ட காகிதம், பின்னால் பழைய கல். கைப்பேசிகள் உயர்ந்துகொண்டே இருந்தன. ஒரு பெண்மணி அது காணாமல்போன கணவன் என்று நினைத்து அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். வெயிலுக்குப் பூசிய களிம்பும் வியர்வையும் கலந்த அந்தக் கை பட்ட இடம் வெகுநேரம் பிசுபிசுத்தது. ஒருவன் பக்கத்தில் வந்து நின்று, அவள் சாய்ந்த அதே சாய்வில் சாய்ந்து, முகத்தை அவளைப்போலவே தொங்கப்போட்டுப் படம் எடுத்துக்கொண்டான். அவன் கூட்டம் சிரித்தது. சிரித்ததற்கு ஈடாகவோ என்னவோ, போகும்போது இரண்டு யூரோ நாணயம் ஒன்றைக் குனிந்து அவள் காலடியில் வைத்தான். மரியாதையாகத்தான் வைத்தான். அவள் காலை நகர்த்தினாள். குனிந்து எடுத்து எறிய வேண்டுமானால் காகிதத்தை விட வேண்டும். அப்படியே நின்றாள்.

பத்தரை மணிக்கு லுக்ஷா வந்தான். யாரோ குரூப்பில் போட்டிருக்க வேண்டும். நாலடி தள்ளி நின்று, உதடு அசையாமல், "அம்மா, வீட்டுக்கு வா. எல்லாரும் பாக்கறாங்க," என்றான்.

"பாக்கட்டும்னுதானேடா நிக்கறேன்."

"நான் வேணா போய் எல்லாருக்கும் போன் பண்றேம்மா. சத்தியமா."

"யாருக்குடா பண்ணுவ? இங்க நின்னு படிச்சவங்க நம்பரெல்லாம் உன்கிட்ட இருக்கா?"

அவன் அவள் காலடியில் இருந்த நாணயத்தைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்தில் கலந்துபோனான். சின்ன வயதில் அவன் பால்டோவின் தோளில் உட்கார்ந்து போனபோது எடுத்த படம் ஒன்று வீட்டில் எங்கேயோ இருக்கிறது என்று அவளுக்கு அப்போது நினைவு வந்தது.

நீகே வரும்போது பதினொன்று அடித்துக்கொண்டிருந்தது. முழங்கால் வலி முற்றியதிலிருந்து தாமதமாகத்தான் கடை போடுகிறாள். இரண்டு கையிலும் கூடை, கூட்டம் இடிக்க இடிக்க ஓரமாக நடந்து வந்தவள் கறுப்புக் கட்டத்தைப் பார்த்ததும் நின்றாள். கூடைகளைக் கீழே வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். வாய்க்குள்ளேயே ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"பால்டோவா. போயிட்டாரா." கொஞ்ச நேரம் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனித்ஸாவுக்குக் கடைசியா நின்ன ஆளு அவருதான். சாமியார் சொன்னாரு. நான் கண்டிப்பா போகணும் டெஷா. நாலு மணிக்கா? கடைய மூடிட்டுப் போயிடறேன்." அவளுக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீ செஞ்சது நல்ல காரியம். கையில புடிச்சிக்கிட்டு நிக்கற பாரு, இது எந்த மழைக்கும் கரையாது."

சும்மா இருந்திருக்கலாம். நீகே நாலு மணிக்கு வந்திருப்பாள், ஒரு ஆள் கூடியிருக்கும், பால்டோவுக்கு வேண்டியதும் அதுதானே. டெஷா அதைத்தான் செய்ய நினைத்தாள். ஆனால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. தன் தோளைத் தட்டப் போகிறாளோ என்று பயமாக இருந்தது.

"மழையில கரையல நீகே."

"என்னது?"

"ஆனித்ஸாவோடது. மழையில கரையல. நான்தான் கிழிச்சேன். எங்க வாசல்ல ஒண்ணு, முனையில ஒண்ணு. ஆளுங்க வராங்கன்னு."

நீரூற்றுப் பக்கம் ஒரு வழிகாட்டி ஒலிபெருக்கியில் நூற்றாண்டுகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். நீகே அவளைப் பார்த்தாள். கோபப்படுவாள், கத்துவாள், முகத்தில் துப்புவாள் என்று டெஷா எதிர்பார்த்தாள். துப்பட்டும் என்றுகூட இருந்தது. நீகே அப்படியொன்றும் செய்யவில்லை. நாலாம் நாள் படியில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கு இத்தனை மாதம் கழித்து விடை கிடைத்தவளுடைய முகம் மெல்ல மெல்ல இறுகியது. டெஷாவின் கைகளைப் பார்த்தாள், பிறகு காலடியைப் பார்த்தாள். வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, நிதானமாகக் குனிந்தாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

"கீழ கெடக்குது பாரு," என்றாள். "உன்னோடதுதான்."

நாணயத்தை டெஷாவின் வலது உள்ளங்கைக்கும் காகிதத்துக்கும் நடுவில் செருகி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். கூடைகளைத் தூக்கிக்கொண்டாள். சந்தைப் பக்கமா, திரும்பப் பேருந்துப் பக்கமா என்று ஒரு கணம் தயங்கினாள், பிறகு கூட்டம் அவளை மறைத்துவிட்டது. நாலு மணிக்கு வருவாளா என்று தெரியவில்லை.

வாசல் வளைவுக்குள் இரண்டாவது கப்பலின் கும்பல் நுழைந்துகொண்டிருந்தது. டெஷாவுக்குத் தோள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. காகிதத்தைக் கொஞ்சம் மேலே, முகத்தை மறைக்கிற அளவுக்கு உயர்த்திப் பிடித்தாள். வலது கையில், கறுப்புக் கட்டத்துக்குப் பின்னால், நாணயம் வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. கை எடுத்தால் விழும், விழுந்தால் காகிதமும் சாயும். விரலை இறுக்கிக்கொண்டாள். எதிரே கைப்பேசிகள் உயர்ந்தன. அத்தனையிலும் நாற்பது வயதுப் பால்டோ ஒரு கையைப் படகில் வைத்துக்கொண்டு, யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.